பரண்மேல் ஓர் இரவு

விடுதியில் எம்மைச் சிலர் ‘ஐத்திகு’ என்று அழைப்பதை இவ்விதழ் வாசகர் கேட்டிருக்கலாம். அப்போஸ்தலர் நடபடிகளைப் படித்தோர் அப்பெயருக்குரிய இளைஞனை அறிவர். துரோவா பட்டினத்தில் பவுலடியார் நள்ளிரவுவரை பிரசங்கித்துக்கொண்டிருக்க, சன்னலில் உட்கார்ந்திருந்த அவ்விளைஞன் உறக்க மயக்கத்தால் மூன்றாம் மெத்தையிலிருந்து கீழே விழுந்தான். கல்லூரிச் சிற்றாலயத்தில் யாம் கண்ணயர்வது பற்றியே இப்பெயர் எமக்கு வாய்த்தது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் முற்றும் பிழை என்று சாதிக்க எமக்கு வாயில்லை. ஆயினும் அப்பெயரை முதன்முதல் இட்டவர் கருதியது வேறொரு நிகழ்ச்சி. அதனை இதுகாறும் எம் வீட்டாருக்கும் சொன்னோமில்லை. ஆண்டிதழுக்குக் கட்டுரை ஒன்று தருக என்று ஆசிரியர் பணித்தபொழுது, ‘சங்க இலக்கியத்திற் காவற்பரண்’ என்று தலைப்புக் குறித்துக் கொடுத்தோம். எழுத உட்கார்ந்தபொழுதோ சங்க இலக்கியம் சிறிதாகவும் எம் நாணம் பெரிதாகவும் வந்து நின்றன. வந்தவற்றை வந்தபடியே எழுதுகின்றோம்.

எம்முடன் தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் நண்பர் ஒருவர் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தேன்கனிக்கோட்டைப் பக்கத்தவர். சென்ற தீபாவளி விடுமுறையில் எம்மைத் தம் ஊருக்கு அழைத்துச் சென்றார். அது கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 3,000 அடி உயர்ந்த மேட்டு நிலம். தென்கோடித் தேரிக்காட்டு வெயிலிற் பிறந்து வளர்ந்த எமக்கு அவ்வூர் ஐப்பசிக் காற்று பல்லைக் கிட்டச் செய்தது. எத்திசை நோக்கினும் கேழ்வரகுப் புனம். அங்குள்ளார் அதனை ராகி என்பர். குழந்தை விரல் மடக்கினாற்போலக் கதிர்கள் குவிந்து மணி பிடித்துக்கொண்டிருந்தன.

கதிர் முற்றும் இப்பருவத்திலேதான் கருநாடக நாட்டுப் பன்னேர்கட்டாக் காட்டிலிருந்து யானைக் கூட்டங்கள் ஆண்டுதோறும் அப்பக்கம் வருகின்றன. பகலிற் காட்டில் நின்று, இருட்டியபின் புனத்தில் இறங்கும். ஒரு கூட்டம் ஓர் இரவில் தின்பதும் மிதிப்பதும் ஒரு குடும்பத்தின் ஓராண்டுக் கூழ். ஆகவே அறுவடை முடியுங்காறும் உழவர் மரத்தின்மேற் பரண் கட்டி இரவெல்லாம் விழித்திருக்கின்றனர். துப்பாக்கி இல்லை. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டைப்பரணுக்கு இந்நாட்டில் இடமில்லாது போயிற்று. காவற்பரண் மட்டும் எஞ்சியது. தகரமும் வெடியும் விளக்கும் தொண்டையுமே அதன் படைக்கலம்.

இலக்கியம் பயில்வார் பரணை இதணம் என்றும் கழுது என்றும் பணவை என்றும் அறிவர். குறிஞ்சிப்பாட்டுத் தலைவி ஏறியிருந்த இதணத்தையும், கிளியோட்ட அவள் கொண்ட தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளையும் யாம் தேர்வுக்கு அஞ்சி மனப்பாடம் செய்திருந்தோம். வடநாட்டார் இதனை ‘மச்சான்’ என்கின்றனர். ஜிம் கார்பெட் துரை இரவு முழுதும் மச்சான்மேல் உட்கார்ந்திருந்தார் என்று விடுதியில் ஒருவர் உரக்கப் படிக்க, அந்த மைத்துனர் என்ன பாவம் செய்தாரோ என்று மற்றொருவர் இரங்கியது நினைவிருக்கின்றது. மஞ்சம் என்னும் வடசொல்லே அங்ஙனம் திரிந்தது. குற்றம் துரைமேல் இல்லை.

அத்துரைதாம் உருத்திரப்பிரயாகையில் 125 பேரைக் கொன்றதாகக் கணக்கிடப்பட்ட ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு மாமரத்துப் பரணிலிருந்து சுட்டு வீழ்த்தினார். அதற்கு முன் 1910-இல் பனார்ப் பகுதிச் சிறுத்தைக்காக மரமேறியபொழுது, அடிமரத்திற் கூரிய முட்கிளைகளை இறுகக் கட்டுவித்திருந்தார். இருளில் வந்த சிறுத்தை அம்முட்கிளைகளைப் பல்லாற் பற்றி இழுத்தது. முள் இல்லையேல் இழுக்கப்பட்டது வேறாகியிருக்கும். புலி பெரும்பாலும் மரமேறுவதில்லை. சிறுத்தை எளிதில் ஏறும். யானையோ ஏறவேண்டுவதே இல்லை. கையை நீட்டினாற் போதும். நன்கு வளர்ந்த களிறு தோளளவில் 9 அடி, 10 அடி நிற்கும். துதிக்கையை உயர்த்தினால் அதற்கு மேலும் நெடுந்தொலைவு எட்டும். ஆதலின் நண்பர் வீட்டுப் பரண் புளியமரத்தில் 20 அடிக்கு மேல் அமைந்திருந்தது. யானைக்கு எட்டாத அவ்வுயரம் மனிதனின் எலும்பை எத்துணை எளிதாக எட்டும் என்பதை யாம் மரத்தைக் காணுமுன் வீட்டுத் திண்ணையிலேயே கண்டுகொண்டோம்.

திண்ணையில் நண்பரின் தந்தையார் ஒரு காலை நீட்டியபடி அமர்ந்திருந்தார். அருகில் ஊன்றுகோல் சார்த்தியிருந்தது. “யானையாலா, ஐயா?” என்று வினவிவிட்டு, வினவியதற்கு வருந்தினோம். அவர் நகைத்து, “யானை என்னை ஒன்றும் செய்யவில்லை தம்பி. அன்று அது வரவே இல்லை” என்றார்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்தது அது. விடிவதற்குச் சற்று முன், காவல் முடிந்தது, வீட்டுக்குச் சென்று படுக்கலாம் என்னும் மகிழ்ச்சியில், ஒரு கையில் விளக்கும் மறு கையிற் போர்வையுமாக ஏணியில் இறங்கியிருக்கின்றார். மேலிருந்து மூன்றாம் படியின் கயிறு மழையிலும் வெயிலிலும் நைந்துபோயிருந்தது. பற்றிக்கொள்ளக் கையில்லை. கீழே விழுந்தவர் உரக்கக் கூவினார். பக்கத்துப் பரண்களில் இருந்தோர் அக்கூவலைக் கேட்டனர். யானையை ஓட்டுகின்றார் என்று கருதித் தாமும் பதிலுக்குக் கூவினர். சிலர் தகரமும் அடித்தனர். பால் கறக்கச் சென்ற ஒருவர் அவரைக் காணும்பொழுது வெயில் ஏறிவிட்டது. தொடையெலும்பு இரண்டிடத்தில் முறிந்திருந்தது. தம் உயிருக்குக் கூவிய கூவலுக்கு ஊரே எதிர்க்கூவல் இட்டதைச் சொல்லும்போது அவர் மறுபடியும் நகைத்தார். நண்பரின் தாயார் எழுந்து உள்ளே சென்றுவிட்டார்.

அதன்பின் அவ்வூரில் ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. யானைக்குத் தகரம் அடிப்பவர் விடாது அடிப்பர். மனிதருக்கு இடர் நேரின் மூன்று அடி அடித்து நிறுத்தி, மீண்டும் மூன்று அடிப்பர். கைப்பேசியைக் கழுத்திற் கட்டிக்கொள்ளாமல் எவரும் ஏறுவதில்லை. எவர் எம்மரத்தில் இன்றிரவு இருக்கின்றார் என்பதைப் பொழுது சாயுமுன் வீட்டிற் சொல்லிவிட்டே செல்கின்றனர்.

தந்தையார் ஏறமுடியாத மரத்தில் இப்பொழுது சிற்றப்பா ஏறுகின்றார். மெலிந்த மேனியர், சொல் சில. பருவந்தோறும் பழைய கழிகளைப் பிரித்து எறிந்துவிட்டுப் புதியன கட்டுபவர். அன்று மாலை யாம் ஏறுமுன் அவர் முன்னே ஏறி, அரிவாளின் புறத்தால் ஒவ்வொரு கழியையும் தட்டிச் செவி சாய்த்துக் கேட்டார். மழை நீர் புகுந்து உள்ளே உளுத்த கழிக்கு ஓசை மந்தமாம். கிளைப் பொந்துகளிலும் பரணுக்கடியிலும் குளவிக்கூடு உண்டோ என்று நோக்கினார். பின்னர் இறங்கி வந்து எமக்கு ஏறும் முறையைச் சொன்னார். கையில் ஒன்றும் இருத்தல் ஆகாது. விளக்கு, வெடி, போர்வை, தேநீர்க்குடுவை யாவும் கூடையில் இருந்து, ஏறியபின் கயிற்றால் இழுக்கப்படும். இரண்டு கையும் இரண்டு காலுமாகிய நான்கில், எப்பொழுதும் மூன்று மரத்தையோ ஏணியையோ பற்றியிருக்க வேண்டும். இடி கேட்டால் யானை வந்தாலும் வராவிட்டாலும் முன்னரே இறங்கிவிட வேண்டும். தனித்து நிற்கும் பெருமரம் மின்னலுக்கு இலக்கு. யானை புனத்தில் நிற்கும்பொழுதோ எக்காரணத்தாலும் இறங்கலாகாது. மரத்தின்மேல் இருப்பவரை யானை கொல்வது அரிது என்றும், இருளில் விளக்கோடு அதனை நோக்கி நடந்து செல்பவரே அகப்படுகின்றார் என்றும் சொன்னார்.

கள்ளுண்டு ஏறுதல் கூடாது என்பதும் அவர் விதிகளுள் ஒன்று. அப்பொழுதுதான் யாம் வாய் திறக்க இடம் கண்டோம். அகநானூற்றின் 102-ஆம் பாட்டில் கழுதின்மேல் இருந்த கானவன் கள்ளுண்டு மகிழ்ந்து கிடப்பதையும், தினை தின்ன வந்த யானை கொடிச்சி பாடிய குறிஞ்சிப் பண்ணைக் கேட்டுக் கதிரையும் தின்னாது, இடமும் பெயராது, நின்றபடியே உறங்கிப்போவதையும் எடுத்துரைத்தோம். சிற்றப்பா கருத்தோடு கேட்டார். கேட்டு முடித்து, “பாட்டு நன்றாயிருக்கிறது தம்பி. அந்தக் குடிகாரன் கீழே விழுந்தானா இல்லையா, அதைச் சொல்லவில்லையே?” என்றார். யாம் படித்த உரையில் அதற்கு விடை இல்லை.

பரண் மூவர் இருக்கப் போதுமானது. மூங்கிற் கழிகளின்மேல் வைக்கோல் பரப்பி, மேலே தார்ப்பாய் வேய்ந்திருந்தனர். ஏறி அமர்ந்ததும் சிற்றப்பா மூன்று கயிறுகளை எடுத்தார். ஒன்றைத் தம் அரையிற் கட்டி, மறுமுனையைத் தலைக்கு மேலிருந்த பருங்கிளையில் முடிந்தார். அங்ஙனமே நண்பருக்கும் எமக்கும் செய்தார். கயிறு நீளமாயில்லை, உட்காரலாம், எழுந்து நிற்கலாம், அவ்வளவே. யாம் சற்றுத் தயங்கியதைக் கண்டு, “அரையிற் கயிறு இல்லாதவனுக்கு இம்மரத்தில் இடமில்லை தம்பி” என்றார்.

இங்கே எம் குலப்பெருமையைச் சிறிது சொல்லவேண்டியிருக்கின்றது. எம் பாட்டனார் பனையேறியவர். பருவகாலத்தில் ஒவ்வொரு பனையையும் நாளுக்கு இருமுறை ஏறி இறங்கிப் பதநீர் கொணர்ந்து எம் தந்தையாரைப் படிக்க வைத்தவர். முருக்குத்தடி சார்த்தி, காலில் தளைநார் பூட்டி, அரிவாட்பெட்டி இடையில் ஆட, அவர் மேலே சென்று ஓலைக்குள் மறைவதை யாம் சிறுபோதிற் கண்டதுண்டு. அத்தகையவர் பேரனுக்கு 20 அடிப் புளியமரத்தில் கன்றுக்குட்டிக் கயிறா என்று எமக்குள் ஒரு குமுறல். பக்கத்துப் பரணில் இருந்த இளைஞர் விளக்கை எம்பக்கம் அடித்து ஏதோ தெலுங்கிற் சொல்லிச் சிரித்தார். எம்மைப் பற்றித்தான் என்று யாம் முடிவு செய்துகொண்டோம். யாம் வாணாளில் ஏறியது விடுதி மாடிப்படி ஒன்றே என்பதும், தளைநார் இன்றிப் பாட்டனார் ஒருநாளும் பனையைத் தொட்டதில்லை என்பதும் அப்பொழுது நினைவுக்கு வரவில்லை. சிற்றப்பா மறுபுறம் திரும்பி வெடிகளை ஈரம் படாமல் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். போர்வைக்குள் கைவிட்டு முடிச்சை மெல்ல அவிழ்த்தோம்.

முன்னிரவில் ஒன்றும் நிகழவில்லை. குளிர் ஏறியது. தொலைவில் ஒவ்வொரு மரத்திலும் ஒவ்வொரு சிறு விளக்கு. வானத்து மீனுக்கும் மரத்து விளக்குக்கும் வேறுபாடு தெரியவில்லை. முறை வைத்து ஒருவர் விழித்திருக்க மற்றவர் உறங்குவது வழக்கம். எம் முறை விடியற்காலை; ஆதலின் நள்ளிரவுக்கு முன்னரே படுத்துவிட்டோம்.

மூன்று மணி அளவில் பேரொலி. வெடி, தகரம், நாற்புறமும் கூவல். யாம் திடுக்கிட்டு எழுந்தோம். எழுந்தது யாம் அல்லேம், எம் உடல் மட்டுமே. அறிவு விடுதியிலேயே கிடந்தது. காலைப் பூசைக்கு மணி அடித்துவிட்டது, நேரமாயிற்று என்று எண்ணி, கட்டிலிலிருந்து இறங்குவார்போல வலக்காலைத் தரையை நோக்கி நீட்டினோம். தரை இல்லை.

அடுத்த நொடியில் நிகழ்ந்தவற்றை முறையாகச் சொல்ல இயலவில்லை. வயிற்றில் இரும்புப் பட்டை இறுகினாற்போல ஒரு வலி. அப்பட்டை மேலேறி மார்பைப் பற்றி மூச்சை நிறுத்தியது. முகம் கழியில் மோதியது. பரணுக்குக் கீழே இடை தொங்க, காலுக்கடியில் ஒன்றுமில்லாமல் ஆடினோம். இரண்டு கைகள் எம் அக்குளைப் பற்றின. வேறிரண்டு கைகள் சட்டையைப் பற்றின. மேலே இழுத்துப் போட்டார்கள். சிற்றப்பா எம் வாயைத் தம் உள்ளங்கையால் மூடினார். அப்பொழுதுதான் கேட்டோம்: கீழே இருளில் தட்டை ஒடியும் ஓசை, நனைந்த துணியைக் கிழிப்பதுபோல. பெரிய மூச்சு ஒன்று. சிறிது பொழுதில் அவ்வோசை வரப்பைக் கடந்து அடுத்த புனத்துக்குப் போயிற்று. சிற்றப்பா வெடியைக் கொளுத்தினார். எம்மை நோக்கி ஒரு சொல்லும் சொல்லவில்லை.

யாம் அவிழ்த்த கயிறு எம்மைத் தாங்கியது எவ்வாறு என்று வாசகர் வினவலாம். பொழுது புலர்ந்தபின் நண்பரை யாமும் அதனையே வினவினோம். நள்ளிரவில் தம் முறைக்கு எழுந்த சிற்றப்பா, கயிறு தளர்ந்து தொங்குவதைக் கண்டாராம். எம்மை எழுப்பலாமா என்று நண்பர் கேட்க, “வேண்டாம்; எழுப்பினால் மறுபடியும் அவிழ்ப்பார்” என்று சொல்லி, உறங்குகின்ற எம் அரையில் மெல்லக் கட்டிவிட்டாராம். இதனைச் சொல்லி முடித்த நண்பர், “எழுந்து வாரும், ஐத்திகு அவர்களே” என்றார். அவர் கிறித்தவர் அல்லர். எனினும் திருமறை வகுப்பில் எம்மினும் விழிப்பாக இருப்பவர்.

வீடு சென்றதும் தந்தையார் எம் கழுத்தோரத்துக் கீறலையும் மார்பிலிருந்த கயிற்றுத் தழும்பையும் கண்டார். ஒன்றும் கேளாமல் நல்லெண்ணெய் கொணரச் சொன்னார். எட்டு நாள் யாம் இடப்புறமே படுத்தோம்.

கல்லூரிக்கு மீண்டபின் இப்பொருள்பற்றிக் கிடைத்தவற்றை எல்லாம் படித்தோம். வட அமெரிக்காவில் மரமிசை வேட்டை இன்றும் சட்டத்துக்கு உட்பட்டது. வெள்ளைவால் மானுக்காக இலையுதிர் காலத்தில் 15 அடி, 20 அடி உயரத்தில் இருக்கை மாட்டி மணிக்கணக்காகக் காத்திருப்பர். மான் அவரை ஒன்றும் செய்வதில்லை. இருந்தும் ஆண்டுதோறும் முதுகெலும்பு முறிந்தோரும் இறந்தோரும் உளர். ஏறும்பொழுதும் இறங்கும்பொழுதும், ஏணியிலிருந்து இருக்கைக்குக் கால் மாற்றும் நொடியிலுமே பலர் விழுகின்றனர். முன்னாளில் அவர்களும் அரையில் ஒரு கச்சையே கட்டினர். விழும்பொழுது அது மார்புக்கு ஏறி மூச்சை அடைக்கும் என்று கண்டு (எமக்கு இதற்குச் சான்று வேண்டியதில்லை) அதனைக் கைவிட்டு, தோள், மார்பு, தொடை மூன்றையும் அணைக்கும் முழு உடற்கச்சையை மேற்கொண்டனர். அடியிலிருந்து உச்சிவரை ஒரு வடம் கட்டி, நழுவி ஏறும் முடிச்சொன்றால் கச்சையை அதனோடு பிணைத்துவிட்டால், தரையை விட்டது முதல் தரையைத் தொடும்வரை பிணைப்பு அறுவதில்லை. முடிச்சு தலைக்கு மேல் நிற்கவேண்டும்; கயிறு தளர்ந்திருக்கலாகாது; தளர்ந்த அளவும் விழும் அளவே. விழுந்து தொங்குவோர் அசையாமல் நெடும்பொழுது தொங்கினால் குருதி காலில் தேங்கி நினைவிழப்பர் என்பதால், கால் வைத்து எழுந்து நிற்கச் சிறு வார்வளையம் ஒன்றையும் உடன்கொள்வர். துப்பாக்கியைக் குண்டின்றி, கீழிருந்து கயிற்றால் இழுத்துக்கொள்வர். இதனைப் படித்தபொழுது சிற்றப்பாவின் கூடை எம் கண்முன் வந்தது.

நம் நகரங்களில் உயர்ந்த கட்டடங்களில் வேலை செய்வோர் அணியும் உடற்கச்சை இரும்புக் கடைத் தெருவில் விற்கப்படுகின்றது. நண்பரும் யாமும் உணவுவிடுதிச் செலவைச் சில வாரம் சுருக்கி ஒன்று வாங்கினோம். கார்த்திகைத் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை நண்பர் அதனை ஊருக்குக் கொண்டு சென்றார். சிற்றப்பா அதனைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்து, இது மனிதனுக்கா வண்டிமாட்டுக்கா என்று கேட்டாராம். அணிந்தபொழுது தொடைவார் தோளுக்கும் தோள்வார் தொடைக்கும் போயிற்றாம். திண்ணையிலிருந்து நோக்கிய தந்தையார் அவரை அருகே அழைத்து, ஒவ்வொரு வாரையும் பிரித்து நேராக்கி, கொக்கிகளை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தாராம்.

அறுவடை முடியும்வரை ஒவ்வொரு மாலையும் சிற்றப்பா கச்சையை அணிந்துகொண்டு முதலில் திண்ணைக்கு வந்து நின்றார் என்றும், தந்தையார் இழுத்துப் பார்த்தபின்னரே மரத்துக்குச் சென்றார் என்றும் நண்பர் சொல்கின்றார்.